ஒரே அடிக்கணக்கு

வங்காலையில் சோழகம் எழும்பினால்
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் கூடைக்குள் காத்திருக்கும்.
சங்கிலித்தாமிடம் துறப்பு வாங்கி
கோயில் மண்டபத்துச் சீமெந்துத் தரையில்
கடலில் கிழிந்த பட்டங்களை விரிப்பேன்.
என் வீட்டில் அவை அடங்காது.

இன்றைக்கு இரண்டு.

ஒன்று மத்தியாஸுடையது. ஹாம்பேர்க்கிலிருந்து
விமானத்தில் அவனோடு வந்தது.
ஆறு லட்சம் என்றான், சளி பிடித்தது என்பதுபோல.
நெற்றியில் பெரிய எழுத்தில் பெயர்.
பட்டம் பெற்ற பட்டம்.

மற்றது நண்டுக் கொம்பனியில் வேலை செய்யும் றெவ்லினுடையது.
கதவில்லாத, முதலாளியின் முகமில்லாத கடையொன்றில்
போனில் பார்த்து, போனிலேயே காசு கட்டி,
கொழும்புச் சுங்கம் மூன்று கிழமை மறித்துவைத்து
ஒரு லட்சத்து எழுபதுக்கு வந்து சேர்ந்தது.

"ரெண்டும் ஒண்டுதானே அக்கா?"

ஓம் என்று சொல்லச் சொல்லிக் கேட்கிற கேள்வி.

நான் தையல் பிரிக்கிறவள். நெற்றியை வாசிப்பதில்லை.
துணியைக் கசக்கிக் காதருகே பிடித்தேன்:
இரண்டிலும் ஒரே சரசரப்பு.
ஒரே தறியில் இறங்கியதாகவும் இருக்கலாம்,
யார் கண்டது.
பெயர்காரனுக்கு மூன்று ஓட்டம் நூல்,
பெயரில்லாதவனுக்கு இரண்டு.
இரண்டென்றாலும் கோடு பிசகவில்லை.
எந்த நாட்டிலோ ஒருத்தி
கவனமாகத்தான் மிதித்திருக்கிறாள்.
ஆறு லட்சத்தின் நுனி மடிப்புக்குள்ளே
ஊசி ஓரிடம் தவறித் திரும்பி வந்திருக்கிறது.
அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.
மத்தியாஸிடம் சொல்லவில்லை.

உள்ளே காற்றுப் பையில்தான் பிரச்சினை.
றெவ்லினுடைய வால்வு பசை விட்டுக் கழன்றிருந்தது.
மாற்று வால்வு கேட்டு எழுதினான்.
அந்தக் கடை போன மாதம் வேறு பெயரில்
சைக்கிள் லைற் விற்கிறதாம்.
மத்தியாஸுக்கோ இலக்கம் போட்ட உறையில்
வால்வு, பசை, ஒட்டுத்துண்டு, சின்னதாய் ஒரு துடைப்புக் கடதாசி.
நான் சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டினேன்.

அதோடு முடிந்திருந்தால்
ஒண்டுதான் போ என்றிருப்பேன்.

இடுப்பருகே சிவப்பாய் ஒரு பிடி இருக்கிறது.
தள்ளினால் பட்டம் ஆளைக் கைவிடவேண்டும்.
அதுதான் அதன் முழு வேலை.
செவ்வாய்க்கிழமை காற்று திடீரென்று முறுக்க
றெவ்லின் தள்ளினான். திறக்கவில்லை.
மறுபடி தள்ளினான். திறந்தது.
முதல் தள்ளுக்கும் இரண்டாம் தள்ளுக்கும் நடுவில்
கண்டல் வேர்ப்பக்கமாய் ஐம்பது யார் போயிருந்தான்.

அந்த ஐம்பது யாருக்கு
எந்தக் கடையும் விலை போடவில்லை.

மத்தியாஸுடையது முதல் தள்ளுக்கே திறக்கும்.
தள்ளாமலும் ஒருதரம் திறந்து
பாதுகாப்புக் கயிற்றையும் அறுத்துக்கொண்டு
லெம்பேட் வீட்டுக் கருவாட்டுப் பந்தலில் போய் விழுந்தது.
கிழிசலுக்குக் காரணம் பந்தல் கம்பு.
ஆறு லட்சம் இப்போது கட்டாக் கருவாடு மணக்கிறது.
கழுவுவதற்கு நான் தனியாய்க் காசு வாங்குவதில்லை.

"ஒண்டில்லை" என்றேன்.
"அப்ப நான் ஏமாந்திட்டனோ?"
"அதுவும் இல்லை.
மேல பறக்கிறது ஊர் பேர் தெரியாததா இருக்கட்டும்.
இடுப்பில கொழுவுறதை மட்டும் பேருள்ளதா வாங்கு."

போனை எடுத்து விலை பார்த்தான்.
கோலும் கயிறும் பிடியும் சேர்த்து
பட்டத்தின் விலைக்குக் கிட்ட வந்தது.
எத்தனை கிலோ நண்டு என்று வாய்க்குள் பெருக்கினான்,
விடை வந்ததும் முகம் சுளித்தான்.

பில் எழுதினேன்.
தையல் எனக்கு அடிக்கணக்கு.
ஆறு லட்சத்துக்கு நாலடி,
ஒரு லட்சத்து எழுபதுக்கு நாலரை.
றெவ்லினுக்குத்தான் கூட வந்தது.
அவன் அதைப் பகிடி என்று எடுத்துக்கொள்ளவில்லை.

"பசை காயோணும். நாளைக்கு விடியக் கொண்டுபோ."

சரி என்று சொல்லிக்கொண்டே
யன்னலுக்கு வெளியே தென்னோலை எந்தப்பக்கம் சாய்கிறதென்று
பார்த்துக்கொண்டு நின்றான்.

வால்வில் வாய் வைத்து ஊதினேன்.
பை மெல்ல நிமிர்ந்தது.
கன்னத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன்:
கசிவு தெரியவில்லை,
இவ்வளவு காற்றுக்கு.